முப்பதாயிரம் கோழியும் ஒரு தையலும்

போன செவ்வாய்க்கிழமை டிரஸ்ஸிங் சிஸ்டர் மல்லிகா என் அடிவயிற்றை உற்றுப் பார்த்தார். உறை போட்ட விரலால் லேசாக அழுத்தினார்.

"வலிக்குதுங்களா?"

"இல்லைங்க சிஸ்டர்."

"அப்ப இனிமே என்னைப் பாக்க வராதீங்க" என்றார். எட்டு வாரமாக என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இவ்வளவு நல்ல வார்த்தையை யாரும் எனக்குச் சமீபத்தில் சொன்னதில்லை.

பத்து வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்து எழுதியிருந்தீர்கள். நன்றி. ஒரு அன்பர் மட்டும், 'குழந்தை பெறுவது உலகத்தில் எல்லோரும் செய்வதுதானே, அதற்கு இத்தனை லீவா?' என்று கேட்டிருந்தார். ஐயா, பிரசவத்துக்கு நான் கேட்டிருந்த லீவு நாலே வாரம். மீதி ஆறு வாரம் முட்டைக்காக எடுத்தது. விவரமாகச் சொல்கிறேன்.

எனக்குப் பெண் குழந்தை. சிசேரியன். முதல் பிரசவம் என்றால் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆனால் சேலத்தில் என் அம்மாவே முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாமியார் வீட்டுக்கு வந்தேன். நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தோட்டத்துக்கு நடுவில் வீடு.

அங்கே என்ன தொழில் என்று நாமக்கல் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்... கோழிப்பண்ணை. முட்டைக் கோழி. நாலு ஷெட், முப்பதாயிரம் கோழி. வீட்டு வாசலில் நின்றால் நாள் முழுக்க அந்தக் கொக்கரிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வந்த முதல் நாளே மாமியார் சட்டத்தை வாசித்துவிட்டார். பருப்பு கூடாது, சீழ் பிடிக்கும். முட்டை கூடாது, அதுவும் சீழ்தான், போதாததற்குச் சூடு. தயிர் சளி. கீரை குழந்தைக்கு ஆகாது. தண்ணீர்? அது இருப்பதிலேயே பெரிய குற்றவாளி.

"அரை டம்ளருக்கு மேல குடிக்காத சாமி. தண்ணி குடிச்சா வவுறு ஊதிக்கும். தையலும் நனைஞ்சிரும்."

வாயில் குடிக்கிற தண்ணீர் எந்த வழியாக வந்து தையலை நனைக்கும் அத்தை என்று கேட்டிருக்க வேண்டும். நீங்களும் நான் கேட்டிருப்பேன் என்றுதான் நினைப்பீர்கள். நான் "சரிங்கத்தை" என்றேன்.

அப்புறம் என்னதான் சாப்பிடுவது? மிளகு ரசம் சோறு. சுட்ட பூண்டு. இரண்டு பிரெட். மறுநாள் மாறுதலுக்காக, இரண்டு பிரெட், சுட்ட பூண்டு, மிளகு ரசம் சோறு.

இதோடு வயிற்றுக்கட்டு. பழைய நூல் சேலையை நீளவாட்டில் மடித்து, மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும் இறுக்கி, மூச்சை இழு என்று சொல்லி இன்னொரு சுற்று சுற்றிக் கட்டுவது. பெற்ற வயிறு உள்ளே போக வேண்டுமாம். தையலை மூடி வைக்காதீர்கள், காற்றுப் பட உலர்வாக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கே அடிக்கிற வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாலே முதுகில் வேர்வை ஓடும். நான் ஒரு முழுச் சேலைக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பேபி சோப்பு, பவுடர் டப்பா, ஒரு கிலோ ஆப்பிள்... சகிதமாக வருவார்கள். (ஆப்பிளும் எனக்குக் கூடாது. வந்தவர்களே வெட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.) உட்கார்ந்ததும் முதல் கேள்வி - "நார்மலுங்களா, ஆபரேசனுங்களா?"

ஆபரேஷன் என்றதும் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். பரீட்சையில் பிட் அடித்துப் பாஸானவளைப் பார்க்கிற பார்வை.

ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்த கணவரின் சித்தி சித்ரா என் முன்னாலேயே மாமியாரிடம் சொன்னார். "இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு வலி தாங்கறதில்லைங்கக்கா. எனக்கு மூணும் ஊட்டுலயேதான் பொறந்துது. மூணாம் நாளு மாட்டுக்குத் தீவனம் போட்டேன்."

மாட்டுக்குத் தீவனம் போடுவதுதான் தாய்மையின் இறுதித் தேர்வு என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் பதினாறு மணி நேரம் வலியில் கிடந்து, குழந்தையின் நாடித்துடிப்பு இறங்குகிறது என்று சொன்ன பிறகுதான் கத்தி வைத்தார்கள். அதை யார் கேட்டார்கள்? வயிற்றின் ஏழு அடுக்கை வெட்டித் தைத்திருப்பவளிடம் எல்லோரும் ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவராவது 'புண் எப்படி இருக்கிறது?' என்று கேட்டதில்லை. குழந்தையின் மூக்கு யார் சாயல் என்பதில் மட்டும் நாலு கட்சி இருந்தது.

பத்தாம் நாள் கட்டுக்குள் ஈரம் தெரிந்தது. வேர்வை என்று நினைத்தேன். மறுநாள் வாடை வந்தது. அது வேர்வையின் வாடை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன்? வெட்கம். ஆபரேஷன் செய்துகொண்டதே ஒரு குற்றம் போல ஆகிவிட்ட வீட்டில், அதையும் ஒழுங்காக ஆற்றிக்கொள்ளத் தெரியாதவள் என்று இன்னொரு பெயரா என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். படித்த முட்டாள்தனம். கடைசியில் காய்ச்சல் வந்து பல் கிட்டியபோதுதான் கணவர் காரை எடுத்தார்.

டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். அந்தச் சேலையை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். மாமியாருக்கு இன்றுவரை அந்தச் சேலையை நினைத்து வருத்தம்.

உள்ளே சீழ் கட்டியிருந்தது. ஒரு பக்கத்துத் தையலைப் பிரித்துவிட்டார்கள். என் சுண்டுவிரல் நீளத்துக்கு வயிறு திறந்து கிடந்தது. அதை மூடித் தைக்கவில்லை. உள்ளே மருந்துத் துணியைத் திணித்து, தினமும் எடுத்து, கழுவி, மறுபடி திணிக்க வேண்டும். அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மேலே வர வேண்டும்.

"மூணு வாரம் பார்ப்போம். சதை பிடிக்கலைன்னா திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தைக்கணும். நல்லா சாப்பிடுங்க. பருப்பு, முட்டை, பால், எல்லாம். தண்ணி நிறைய குடிங்க. குழந்தையைத் தூக்கி நடக்காதீங்க. வெயிட் எதுவும் தூக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

கடைசி வாக்கியம்தான் என்னைக் கொன்றது. மூன்று கிலோகூட இல்லாத மகள். நான் படுத்திருப்பேன், யாராவது அவளைக் கொண்டுவந்து பக்கத்தில் போடுவார்கள், பால் குடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த அறையில் அவள் அழுவாள். நான் சுவரைப் பிடித்து எழுந்து, நிமிர்ந்து, நாலு எட்டு வைப்பதற்குள் வேறு யாராவது தூக்கியிருப்பார்கள். அழுகையும் நின்றிருக்கும். என்னிடம் வராமலே என் குழந்தையின் அழுகை நிற்கிறதே என்று எனக்கு அழுகை வரும். அந்தப் புண் சீக்கிரம் மூட வேண்டும். மறுபடியும் அந்தத் தியேட்டர் மேஜையில் போய்ப் படுக்கக் கூடாது. அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் டாக்டரம்மா சொன்ன சாப்பாட்டு விஷயத்தைக் கணவர் தன் அம்மாவிடம் சொன்னார். மாமியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவிய கையிலதான கத்தி இருந்துது? அவிய சொல்றதக் கேட்டுத்தான் இந்தக் கெதி" என்றார். அன்றைக்கும் ரசம்.

கணவர் இன்ஜினியரிங் படித்தவர். இரண்டு பக்கத்தையும் பார்த்து ஒரு தீர்ப்பு சொன்னார். "டாக்டர் சொல்றதையும் கேட்டுக்க. அம்மா சொல்றதையும் கேட்டுக்க." ஒருவர் முட்டை சாப்பிடு என்கிறார், இன்னொருவர் சாப்பிடாதே என்கிறார். இரண்டையும் எப்படிக் கேட்டுக்கொள்வது? முட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவதா? பாலம் கட்டத் தெரிந்த ஆள் என்று நம்பிக் கல்யாணம் செய்துகொண்டேன்.

தினமும் டிரஸ்ஸிங். சிஸ்டர் மல்லிகா அதிகம் பேசாதவர். பழைய துணியை உருவும்போது என் கவனத்தைத் திருப்ப ஏதாவது கேட்பார்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"ரசம் சோறு."

"நேத்து?"

"ரசம் சோறு."

"முட்டை குடுக்கலீங்களா?"

"ஊட்டுல ஆகாதுங்கறாங்க சிஸ்டர். சீழ் பிடிக்குமாம்."

"உங்க ஊட்டுல என்ன பண்றாங்க?"

"கோழிப்பண்ணை."

சிஸ்டரின் கை நின்றது. முகத்தில் மாஸ்க் இருந்ததால் கண் மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. சிரித்து முடித்த பிறகுதான் துணியை உருவினார். அன்றைக்கு மட்டும் வலி குறைவாக இருந்தது.

இப்போது ஒரு வாக்குமூலம். இரண்டு வருடம் முன்பு இதே பக்கத்தில் பத்தியச் சாப்பாட்டைக் கிழித்து நான் எழுதியதைச் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். 'படித்த பெண்கள் வாயைத் திறக்க வேண்டாமா?' என்று முடித்திருந்தேன். பிரமாதமான முடிவு என்று நானே மெச்சிக்கொண்டேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அந்தப் படித்த பெண் தன் முறை வந்தபோது வாயைத் திறந்தாள்... ரசம் சோற்றுக்கு.

மாமியார் கொடுமைக்காரர் என்றால் எனக்குக் காரியம் சுலபமாகியிருக்கும். அப்படி இல்லை. கட்டிலிலிருந்து நான் எழ வேண்டும் என்றால் அவர்தான் முதுகுக்குக் கை கொடுப்பார். பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருப்பார். குழந்தையின் துணியை வேறு யாரையும் துவைக்க விடமாட்டார். அந்த வாரங்களில் எனக்கு எழக்கூட அவர் கை வேண்டியிருந்தது. அந்தக் கையைத் தட்டிவிட்டு எப்படி நியாயம் பேசுவது? கட்டுரையில் வீரம் பேசுவதற்கு முதலில் தானாக எழுந்து உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். இது எனக்கு முப்பத்து நாலு வயதில் புரிந்தது.

ஒரே ஒரு முறை, நான் இதைப் பற்றி எழுதியே இருக்கிறேன் அத்தை என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது பேப்பரு சாமி. இது ஊடு" என்றார். கோபமே இல்லாமல்.

மூன்று வாரம் முடியப் போகிறது. திங்கட்கிழமை டாக்டரம்மா பார்த்து முடிவு சொல்ல வேண்டும். புண் அப்படியே வெளுத்துப்போய் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது என்று சிஸ்டரின் கண்ணைப் பார்த்தே தெரிந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை. வீடு திடீரென்று பரபரத்தது. மூன்றாவது ஷெட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயில் அடைப்பு. விடிந்ததிலிருந்து கோழிகளுக்குத் தண்ணீர் இல்லை. கணவர் சட்டை போடாமல் ஓடினார். மாமியார் அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். மாமனார் போனில் கோழி டாக்டரிடம் பேசிக்கொண்டே ஓடினார். பால் பொங்கி அடுப்பு அணைந்து... நான் சுவரைப் பிடித்து நடந்து போய் கேஸை மூடினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அடைப்பு எடுத்து, தண்ணீர் ஓடத் தொடங்கி, எல்லோரும் வந்தார்கள். மாமனார் ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், என் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்தார். அவர் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு மகனுக்கு வகுப்பே எடுத்தார்.

"தண்ணி நின்னா தீனி எடுக்காது. தீனி எடுக்கலைன்னா முட்டை நின்னுரும். ஒருக்கா நின்னுதுன்னா மறுக்கா பழைய கணக்குக்குக் கொண்டார ஒரு மாசமாகும். இந்த வெயில்ல தண்ணி இல்லாம ஒரு உசுரு எப்புடி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உதடு வெடித்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். மாமியார் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். அவர் அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, எனக்கும் ஒரு சொம்பு" என்றேன்.

"அரை டம்ளர் கொண்டாறேன் சாமி. தையலு..."

நான் மாமனார் பக்கம் திரும்பினேன். எங்கிருந்து அந்தக் கேள்வி வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

"மாமா, ஷெட்டுல ஒரு கோழிக்குக் காயம் பட்டா என்ன பண்ணுவீங்க?"

தொழில் கேள்வி கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தனியா எடுத்து உட்டரோணும். மருந்து போடோணும். தீனியில சோயாவைச் சேத்திப் போட்டு புரதத்தை ஏத்தோணும். புரதம் இல்லைன்னா சதை புடிக்காது. தண்ணி மட்டும் எந்நேரமும் ஓடிட்டே..."

அங்கே நின்றார். என்னைப் பார்த்தார். அதற்குள் மாமியார் கொண்டுவந்திருந்த அரை டம்ளரைப் பார்த்தார்.

எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஓர் அட்டை முட்டை, முப்பதும் முழுசாக. சமையல் மேடையில் வைத்தார்.

"தெனம் மூணு வேவிச்சுக் குடு."

"ஏனுங்க, சீழ் புடிச்சுக்கிச்சுன்னா?" என்றார் மாமியார்.

"புடிச்சுதான இருக்குது" என்றார் மாமனார். சொம்பை நிரப்பி என் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

வாசகர்கள் இந்த இடத்தில் நெகிழ்ந்துவிட வேண்டாம். நான் நெகிழவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பத்து வருடம் படித்த டாக்டரம்மா சொன்னது இந்த வீட்டில் ஏறவில்லை. நான் எழுதிய கட்டுரை ஏறவில்லை. என் காய்ச்சல் ஏறவில்லை. கடைசியில் எனக்கு சிபாரிசுக்கு வந்தது மூன்றாவது ஷெட்டுக் கோழி. அந்தக் குழாய் அடைக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் ரசத்தில்தான் இருந்திருப்பேன்.

அதற்காக முட்டையை விட்டேனா? இல்லை. அன்றைக்கு மட்டும் நாலு சாப்பிட்டேன்.

இரண்டு நாளில் அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. திங்கட்கிழமை டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். இரண்டு நாளாகத்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், எனக்கு ஒரு வாரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை துணியை உருவிய சிஸ்டர் மல்லிகா, "ரத்தம் கசியுது" என்றார். பயந்துவிட்டேன். "நல்லதுங்க. செவப்பா சதை வருது" என்றார். அதன் பிறகு நாலு வாரம், மருந்துத் துணி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதானது. தியேட்டருக்குப் போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்ததும் மகள் தொட்டிலில் அழுதாள். யாரும் வருவதற்குள் நானே போய்க் குனிந்து தூக்கினேன். பத்து வாரத்தில் அவள் நன்றாகக் கனத்திருந்தாள். தோளில் போட்டுக்கொண்டு ஆசாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். என் தோளில்தான் அழுகை நின்றது. நான் அழ ஆரம்பித்தேன், அது வேறு விஷயம்.

அன்று சாயங்காலமே ஆட்டையாம்பட்டிச் சித்தி மறுபடி வந்தார். முட்டை தின்கிற என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தார். மாமியார் அசரவே இல்லை.

"புண்ணு ஆறோணும்னா முட்டைதான் சித்ரா. நாங்க மொதல்ல இருந்தே குடுக்கறோம்."

மொதல்ல இருந்தே. நான் உரித்துக்கொண்டிருந்த முட்டையை வாய்க்குள் முழுசாகப் போட்டுக்கொண்டேன். வாயில் எதுவும் இல்லாமல் இருந்தால் பேசியிருப்பேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் கெங்கவல்லியில் கட்டிக்கொடுத்திருக்கும் மாமியாரின் அண்ணன் மகளுக்கு நேற்று குழந்தை பிறந்திருக்கிறது. அவளுக்கும் சிசேரியன்தான். மாமியார் போனில் அவளுடைய அம்மாவுக்கு ஒரு டாக்டரின் தோரணையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வவுத்துக்கட்டு வேண்டாங்க அண்ணி. தண்ணி சொம்பு சொம்பாக் குடுங்க. தெனம் மூணு முட்டை வேவிச்சுக் குடுங்க." எனக்குக் காதில் தேன் வந்து பாய்ந்தது. என் வயிற்றைக் கிழித்தாவது ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு முடித்தார்... "ஆனா பருப்பு மட்டும் கண்ணுல காட்டீராதீங்க. சீழ் புடிச்சுக்கும்."

என்ன செய்வது, எங்கள் தோட்டத்தில் துவரை போடுவதில்லை.